சொல்லிவிட்டு எடை போட்ட குப்பை

1

சிங்கப்பூர் கிளமெண்டியில் எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பேருந்தில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்க எனக்குப் பத்தொன்பது வருடம் ஆயிற்று.

கோயமுத்தூரில் எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியல் முதலாண்டு முடித்த கோடை விடுமுறையில் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. “மிச்சப் படிப்ப அங்க போய் முடிச்சுக்கலாங்க. அங்க இல்லாத காலேஜா?” என்றார் மாமனார். அவர் பொய் சொல்லவில்லை. எப்போது என்று யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. வந்த வருடம் வாடகை வீடு, அப்புறம் வேலை தேடல், அப்புறம் மகள் தாரிணி, அப்புறம் மாமியாரின் முழங்கால் அறுவை சிகிச்சை, அப்புறம் சொந்த வீடு. இப்படி ‘அப்புறம்’ போட்டுப் போட்டே காலம் ஓடிவிட்டது.

தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கட்டடங்களைப் பராமரிக்கும் நிறுவனம். எந்த மாடியில் எத்தனை மறுசுழற்சித் தொட்டி, அதில் காகிதத்தோடு யார் காப்பிக் கோப்பையைப் போட்டார்கள் என்று அறிக்கை எழுதுவது என் பிழைப்பு. மூன்று வருடத்துக்கு முன்பு ஒருநாள், யாரிடமும் கேட்காமல், சுற்றுச்சூழல் கொள்கையும் மேலாண்மையும் என்ற முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பித்தேன். பகுதி நேரம், மாலை வகுப்பு. இடம் கிடைத்ததும் கணவரிடம் சொன்னேன். “இப்பவா?” என்று கேட்டார். இப்பவும் இல்லையென்றால் எப்போது என்று எனக்கும் தெரியவில்லை.

அப்பா காலமானபோது ஊருக்குப் போய்விட்டதால் ஒரு தடவை அவகாசம் வாங்கியாகிவிட்டது. இந்த வருடம் ஆய்வேட்டைக் கொடுத்தால் பட்டம். கொடுக்காவிட்டால், ஒரு படிப்பைப் பாதியில் விட்டவள் என்பது இரண்டு படிப்பைப் பாதியில் விட்டவள் என்று ஆகும். வயது நாற்பத்து நான்கு. மூன்றாவது முறை என்று ஒன்று எனக்குக் கிடையாது.

2

வகுப்பில் நான்தான் மூத்தவள். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் தாரிணிக்கு அக்கா, அண்ணன் வயது. விரிவுரையாளர் வாயைத் திறப்பதற்குள் தட்டச்சு செய்துவிடுகிறார்கள். நான் கோடு போட்ட நோட்டில் எழுதுகிறேன். முதல் பருவத்தில் ‘வேஸ்ட்’ என்பதற்கு நான் நம் ஊர் வழக்கப்படி ‘வேஸ்டேஜ்’ என்று சொன்னபோதெல்லாம் ஓர் இந்தோனேசியப் பெண் என்னைக் கூர்ந்து பார்ப்பாள். கோயமுத்தூர் போனால் வேறு வேடிக்கை. ஆட்டோக்காரர் “நூத்தம்பது ஆகுங்க” என்றதற்கு, சரி என்பதற்குச் சிங்கப்பூரில் சொல்வதுபோல் நான் “கேன், கேன்” என்றேன். அவர் தண்ணீர் கேன் எடுத்துவர வேண்டும் என்று நினைத்து, அதற்குத் தனியாக இருபது கேட்டார். இங்கே ஒரு மாதிரி, அங்கே ஒரு மாதிரி. இரண்டு ஊரிலும் கொஞ்சம் சிரிப்பாணியாகத்தான் இருக்கிறேன்.

ஆனாலும் வகுப்பில் உட்காரும்போது கிடைக்கும் சந்தோஷத்தை என்னால் சொல்லி மாளாது. ஆறரை மணி வகுப்புக்கு அலுவலகத்திலிருந்து ஓடிவந்து, வேர்வை காய்வதற்குள் ஒரு கேள்வி, ஒரு வரைபடம், ஒரு வாதம் என்று எல்லாம் தொடங்கிவிடும். ஆற்றுநீரைப் பற்றிய வகுப்பில், கரைந்த ஆக்ஸிஜனைக் கருவி வைத்து ஒரு நொடியில் காட்டினார்கள். எனக்குச் சட்டென்று கண் நிறைந்துவிட்டது. பக்கத்துப் பையன் கண்ணில் தூசியா என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

3

எங்கள் காலத்தில் அந்தக் கருவி இல்லை. நானும் என் அறைத்தோழி கனகாவும் நொய்யலில் தண்ணீர் எடுக்கப் போவோம். பேரூரில் ஓர் இடம், சிங்காநல்லூரில் ஓர் இடம். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் உடைத்துப் போட்டு, கண்ணாடிப் பாட்டில்களை அடுக்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு உட்காருவோம். “மீனாங்கம்மணி?” என்று நடத்துநர் கேட்பார். “தண்ணிங்க” என்றால் நம்ப மாட்டார்.

எடுத்த இடத்திலேயே பாட்டிலுக்குள் இரண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். தண்ணீரில் ஆக்ஸிஜன் இருந்தால் பழுப்பாக ஒன்று படியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். பேரூரில் பழுப்பு வரும். சிங்காநல்லூரில் வெள்ளை. முதல் தடவை அந்த வெள்ளையைப் பார்த்ததும் கனகா பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, “வசந்தி, இதுல ஒண்ணுமே உசிரோட இல்லடி” என்றாள். பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கினோம். அப்புறம் பசித்தது. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் தேங்காய் பன்னும் டீயும் சாப்பிட்டோம்.

ஒருநாள் திரும்பும் வழியில் ஓட்டுநர் போட்ட பிரேக்கில் சிங்காநல்லூர்ப் பாட்டில்கள் உருண்டு, இரண்டு உடைந்தன. திரும்பப் போக அலுப்பு. பேரூர்ப் பாட்டில் ஒன்றிலிருந்தே பிரித்து ஊற்றி, பேரை மாற்றி ஒட்டிவிட்டோம். ஆய்வகத்தில் இரண்டு ஊர்த் தண்ணீரும் ஒரே அளவு காட்டியது. ஆய்வக உதவியாளர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் நெஞ்சில் நிற்கிறது. காலி பாட்டில்களை நீட்டினார். மறுபடி பஸ் ஏறினோம். மாட்டிக்கொண்டு போன அந்தப் பயணம்தான் என் கல்லூரி நாட்களிலேயே இனிமையானது. மழை பிடித்துக்கொண்டது. ஒரே துப்பட்டாவை இரண்டு பேரும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதற்கு இரண்டு மாதத்தில் எனக்கு நிச்சயதார்த்தம்.

போன முறை ஊருக்குப் போனபோது கல்லூரி வாசல் வரை போனேன். காவலாளி, “யாரப் பாக்கணுங்க?” என்று கேட்டார். சொல்வதற்கு ஒரு பேர்கூட என்னிடம் இல்லை. சும்மா வந்தேன் என்று சொல்லிவிட்டு வந்த ஆட்டோவிலேயே திரும்பினேன்.

4

ஆய்வேட்டுக்கு நான் எடுத்த பொருள் உணவு மிச்சம். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், தேக்கா என்று நாங்கள் சொல்லும் லிட்டில் இந்தியாவின் ஒரு குறுக்குத் தெருவில், மாரியப்பன் அண்ணன் நடத்தும் சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. பட்டுக்கோட்டைக்காரர், முப்பது வருடமாக இங்கே. வாழையிலைச் சாப்பாடு. சிங்கப்பூர் வந்த புதிதில் அழுகை வந்தால் நானும் கணவரும் அங்கேதான் போவோம். ஏழு நாள், மதியம் பன்னிரண்டு முதல் மூன்று வரை, அங்கே சேரும் மிச்சத்தை எடை போட வேண்டும். அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு எடுத்தேன்.

கேட்கப் போனபோது சும்மா போக முடியுமா? ஒரு பெட்டி பால்கோவா வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் கல்லாவிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

“படிக்கிறீங்களா தங்கச்சி? இந்த வயசுல? நல்லா வாங்க. நம்ம கடை ஒங்க கடை. என்னைக்கி வர்றீங்க?”

“வர்ற திங்கக்கிழமைங்கண்ணே.”

“திங்கக்கிழமை ஏழரை ஒன்பது ராகுகாலம். அது கழிஞ்சு எப்ப வேணாலும் வாங்க.”

முன்கூட்டிச் சொல்லாமல் அளக்க வேண்டும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நான் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒருவருடைய சமையலறைக்குள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. அது புத்தகம் எழுதியவருக்கு வேண்டுமானால் வரும்.

திங்கட்கிழமை போனால் பின்கட்டு பளபளவென்று இருந்தது. தொட்டிகள் கழுவித் துடைக்கப்பட்டிருந்தன. எனக்கென்று ஒரு நாற்காலி, அதன் மேல் துண்டு. அங்கே வேலை செய்யும் செல்வம் என்பவர் இலைகளை மடித்தபடியே கொண்டுவந்து போட்டார். தராசில் வைத்தேன். ஆறு கிலோ. மறுநாளும் ஏறக்குறைய அதே. ஏழு நாளும் அப்படித்தான்.

நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பட்டிருந்தால் நல்ல மாணவி. ஆனால் எனக்கு ஒரே பெருமை. நம் ஆட்கள் சோற்றை வீணாக்க மாட்டார்கள் என்று வகுப்பில் படம் போட்டுப் பேசினேன். இலையை மடிக்கும் பழக்கம், அன்னத்தை மிதிக்காத பழக்கம் என்று என்னென்னவோ சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். என் வழிகாட்டிப் பேராசிரியை மட்டும், எண் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று கேட்டார். அது எங்கள் பண்பாடு என்று ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

5

ஆய்வேட்டின் ஆங்கிலத்தைத் திருத்துவது தாரிணி. ஜூனியர் காலேஜ் மாணவி, நம் ஊர்ப் பிளஸ் டூ மாதிரி. என்னோடு இப்போதெல்லாம் அவள் உட்கார்ந்து பேசும் ஒரே நேரம் அதுதான். தமிழைப் பரீட்சை முடிந்த அன்றே மூட்டை கட்டி வைத்துவிட்டாள். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தபோது, சாப்பாட்டு மேசையில் அந்த அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“மா, ஒரு நாளைக்கு சிக்ஸ் கிலோதானா?”

“ஆமா.”

“காண்ட் பீ லா. அன்னைக்கு நான் சார்ஜர் குடுக்க வந்தேன்ல? பின்னாடி லேன் வழியா வந்தேன். ஒரு அங்கிள் ரெண்டு பெரிய கருப்பு பேக் தூக்கிட்டு அந்த எண்டுக்குப் போனாரு. ஸோ ஹெவி, அவரால தூக்கவே முடியல. அதையும் நீங்க வெயிட் பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அது வேற கடையா இருக்கும்.”

“நோ மா. அந்தக் கடை டீ-ஷர்ட் போட்டிருந்தாரு. உங்ககிட்ட இலை கொண்டுவந்து போட்டாரே, அவருதான்.”

எனக்குக் கோபம் வந்தது. கடைக்காரர் மேல் இல்லை, செல்வம் மேல் இல்லை, பெற்ற பெண் மேல். “பத்து நாள் இருக்கறப்ப வந்து சொல்ற பாரு” என்று கத்தினேன். அவள் மடிக்கணினியை என் பக்கம் தள்ளிவிட்டு, “ஸ்கூல்ல இத ஃபேக் டேட்டான்னு சொல்வாங்க மா. ஆனா நீங்க ஃபேக் பண்ணல. ஸோ ஐ டோன்ட் நோ” என்று அறைக்குள் போய்விட்டாள்.

இரண்டு நாள் அந்த அட்டவணையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். தூக்கிக் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்று ஒரு மனம். ஒரு கடை, ஏழு நாள், இதனால் உலகம் கெட்டுப்போகப் போகிறதா? இருபத்திரண்டு வருடம் காத்திருந்து, பட்டத்தைக் கையில் தொடும் நேரத்தில், செல்வம் தூக்கிப் போன இரண்டு மூட்டைக்காக விட வேண்டுமா? அலுவலகத்தில் தொட்டிகளின் அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன். மூன்றாம் நாள் மதியம் ரயில் ஏறி ஃபேரர் பார்க் போனேன்.

6

மதியக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அண்ணனிடம் நேராகக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

“ஆமா தங்கச்சி. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ, நடுவுல ஒரு தடவ எடுத்துட்டுப் போகச் சொன்னேன். வீட்டுக்கு ஆளு வருதுன்னு தெரிஞ்சா பெருக்கித் தொடச்சு வக்க மாட்டமா?”

“எனக்கு அந்தக் குப்பைதானுங்கண்ணே வேணும்.”

“குப்பைய எந்த ஊர்லம்மா விருந்தாளிக்குக் காட்டுறாங்க? அதுவும் நீங்க எழுதி எல்லாரும் படிப்பாங்க. தேக்காக் கடக்காரன்னா சோத்தக் கொட்டறவன்னு நாளைக்குப் பேராயிரும். நம்ம புள்ள எழுதறதுல நம்மளப் பத்தி நல்லதா இருக்கட்டும்னுதான் பண்ணேன்.”

அவர்மேல் என்ன குற்றம் சொல்வது? அவர் தொட்டியைக் கழுவினார், நான் மேடையேறிப் பேசினேன். நம்மைப் பற்றி நல்லதாக இருக்க வேண்டும் என்ற ஆசை இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் இவ்வளவு மரியாதை வைத்திருக்கிறாரே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

“இத நான் குடுக்க முடியாதுங்கண்ணே. மறுபடி மொதல்லருந்து அளக்கோணும்.”

“குடுக்கலேன்னா?”

“பட்டம் இல்லைங்க.”

அவர் கல்லாவில் ஊதுவத்திச் சாம்பலைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “வர்றதா இருந்தா வாங்க. எப்பன்னு மட்டும் சொல்லாதீங்க” என்றார். கோபமா, அனுமதியா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

7

பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னபோது அவர் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வருகிறேன் என்று அவர்களிடம் சொன்னீர்களா?” ஆமாம் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். படிவம் நிரப்புங்கள், குழு முடிவு செய்யும், என்னால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

படிவம் இணையத்தில். இரண்டாவது முறை அவகாசம் கேட்கக் காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நோய், குடும்பத்தில் மரணம், பணி நிமித்தம், பிற. ‘பிற’ என்றால் நூற்றைம்பது எழுத்துக்குள் விளக்க வேண்டும். நான் எழுதியது இரண்டு பக்கம் வந்தது. தாரிணி கூப்பிடாமலேயே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பால்கோவாவை வெட்டினாள், ராகுகாலத்தை வெட்டினாள், பண்பாட்டை வெட்டினாள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: நான் வருவதை முன்பே சொல்லிவிட்டேன். அவர்கள் மரியாதையினால் குப்பையை அகற்றிவிட்டார்கள். என் எண்கள் தவறு. மறுபடி அளக்க விரும்புகிறேன்.

“இன்னும் கொஞ்சம் ஓவர் ஆகுது மா. ‘அவுட் ஆஃப் ரெஸ்பெக்ட்’ வேணுமா? அத எடுத்தா ஃபிட் ஆயிரும்.”

“அத எடுக்காத.”

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். அதை விட்டுவிட்டு, கடைசியில் போட்டிருந்த என் பேருக்கு முன்னாலிருந்த ‘மிஸஸ்’ என்பதை எடுத்தாள். சரியாக அடங்கியது.

நான்கு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஒரு பருவம் தருகிறார்கள், இதற்கு மேல் கிடையாது. இந்த வருடப் பட்டமளிப்பில் என் பேர் இருக்காது. என்னோடு படித்த பிள்ளைகள் அங்கி போட்ட படங்களை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினார்கள். எல்லாப் படத்துக்கும் இதயம் போட்டேன். அன்று சமையலறையில் சாம்பார் தாளித்துக்கொண்டே நன்றாக அழுதேன்.

8

சொல்லாமல் போவது நான் நினைத்ததைவிடக் கஷ்டம். முதல் நாள் எதிர்ப்பக்க நடைபாதையில் பத்து நிமிடம் நின்றேன். உள்ளே போனால் அண்ணன் பார்த்தார், பேசவில்லை. பின்கட்டில் நாற்காலி இல்லை, துண்டு இல்லை. தொட்டி முழுக்கச் சோறும் கூட்டும் இலையும். செல்வம் என்னைப் பார்த்துத் தயங்கி, “அப்படியே வைக்கவாக்கா?” என்றார். அப்படியே வைக்கச் சொன்னேன். முப்பத்து நான்கு கிலோ.

இரண்டாம் நாளும் அண்ணன் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் கிளம்பும்போது, கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமல், “எவ்வளவு?” என்றார். சொன்னேன். “முழுசா சோறா?” என்றார். பாதிக்கு மேல் சோறு, இரண்டாவது தடவை கேட்காமல் போடுவதுதான் அப்படியே வருகிறது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. “கேட்டுக் கேட்டுப் போட்டா அது சாப்பாட்டுக் கடையா?” என்றார். நான் ரயிலைப் பிடிக்கக் கிளம்பினேன். வாரத்துக்கு ஒருநாள், இரண்டுநாள் என்று போய் எடை போட்டு எழுதினேன்.

ஐந்தாம் நாள், பரிமாறுகிறவர்களில் ஒருவர் ஒரு பெரியவரிடம், “சோறு இன்னும் கொஞ்சம் வைக்கவாய்யா?” என்று கேட்டது காதில் விழுந்தது. அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நாள் முப்பத்தொன்று. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கல்லாவுக்கு வந்தேன். பட்டம் வருமா என்று இன்னும் தெரியாது. எழுதிக் கொடுக்க வேண்டும், தேற வேண்டும். ஆனால் இந்த ஏழு எண்ணும் சரியான எண்கள்.

“முடிஞ்சுதுங்கண்ணே. இன்னைக்கு முப்பத்தொரு கிலோ. இதோட ஏழு நாள் ஆச்சு. ரொம்ப சிரமம் குடுத்துட்டேன்.”

“முடிஞ்சுதா?” என்றார். மீதிச் சில்லறையை ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். “ஒங்களுக்கு முடிஞ்சுது. முப்பது வருஷமா நான் அந்தத் தொட்டிய எட்டிப் பாத்ததில்ல தங்கச்சி. இப்பதான் கொறையுது, நீங்க பாட்டுக்குப் போறேங்கறீங்க. அடுத்த வாரமும் வந்து எடை போட்டுச் சொல்லுங்க.”

நான் படித்த எதற்காகவும் இதுவரை யாரும் காத்திருந்ததில்லை. சரிங்கண்ணே என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை போனேன். இருபத்தெட்டு கிலோ.